நாற்பது நிமிட மகுடம்

அமெரிக்கப் பெண்கள் ஐந்து, ஏழு ஆட்டங்கள் மோதிக் கூடைப்பந்து சாம்பியன் ஆகிறார்கள். இந்தியப் பெண்களுக்குக் கிடைப்பது ஒரே ஆட்டம். முடிந்ததும் மீண்டும் அலுவலகம். கொல்கத்தாவிலிருந்து ஒரு பார்வை.

1997-ம் ஆண்டில் பெண்கள் விளையாட்டில் இரண்டு இறுதி ஆட்டங்கள் நடந்தன. ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், அந்த ஆண்டுதான் பிறந்த டபிள்யூ.என்.பி.ஏ. என்ற பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் முதல் பட்டத்துக்காக ஹூஸ்டன் காமெட்ஸும் நியூயார்க் லிபர்ட்டியும் மோதின. ஹூஸ்டன் 65-51 என்று வென்றது. நான்கு மாதங்கள் கழித்து, டிசம்பர் 29 அன்று, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் பெண்கள் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியா நியூசிலாந்தை வென்றது.

இரண்டாவது ஆட்டத்தின்போது எல்லைக் கோட்டருகே பந்து பொறுக்கிப் போடும் வேலையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். நதியா மாவட்டத்தின் சக்தகாவைச் சேர்ந்த ஜுலன் கோஸ்வாமி. பந்து வீச்சாளராக வேண்டும் என்ற எண்ணம் அன்று உறுதிப்பட்டதாக அவர் பிற்பாடு பலமுறை கூறியிருக்கிறார். புறநகர் ரயில் ஏறி கொல்கத்தா விவேகானந்தா பார்க்குக்கு வந்து பயிற்சி பெற்ற அந்தப் பெண், 2022-ல் ஓய்வு பெற்றபோது ஒரு நாள் ஆட்டங்களில் 255 விக்கெட்டுகளுடன் உலக சாதனையாளர். 2025 ஜனவரியில் அதே ஈடன் கார்டன்ஸில் ஒரு பார்வையாளர் மாடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியப் பெண்கள் நவி மும்பையில் உலகக் கோப்பையை வென்றபோது, அந்தக் கோப்பையை அவர் கையில் கொடுத்து அழகு பார்த்தார்கள்.

ஓர் இறுதி ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பது என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அதே கொல்கத்தாவில், கூடைப்பந்து எறியக் கற்கும் ஒரு பள்ளி மாணவி எந்தப் பெண்கள் இறுதி ஆட்டத்தின் ஓரத்தில் போய் உட்கார்வாள்? 1981-ல் ஆசிய ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியை நடத்திய நகரம் இது. சீனா கோப்பையைத் தட்டிச் சென்றது. பெண்களைப் பொறுத்தவரை, இந்த நகரத்துக்கென்று ஒரு தொழில்முறை அணி இல்லை. அவர்கள் ஆடுவதற்கு ஒரு லீக்கும் இல்லை. தேசியப் போட்டி ஆண்டுக்கு ஒரு நகரமாக நாடு சுற்றுகிறது. லூதியானா, பாவ்நகர், சென்னை என்று போகும் அந்த வண்டி நம் ஊரில் எப்போது நிற்கும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். டபிள்யூ.என்.பி.ஏ.வும் தொடக்கத்தில் ஒரே ஆட்டத்தில்தான் சாம்பியனை முடிவு செய்தது. 1997-ல் அப்படி நடந்தது. மறு ஆண்டே மூன்று ஆட்டத் தொடராக்கினார்கள்: இரண்டில் வென்றவருக்குப் பட்டம். 2005-ல் அது ஐந்து ஆட்டத் தொடரானது. 2025-ல் ஏழு ஆட்டமானது. அந்த ஆண்டு லாஸ் வேகாஸ் ஏசஸ் அணி ஃபீனிக்ஸ் மெர்க்குரியை நான்கே ஆட்டங்களில் சுருட்டிவிட்டதால் மீதி மூன்றுக்கு அவசியம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

தொடர் என்பது வெறும் டிக்கெட் விற்கும் தந்திரம் அல்ல. டிக்கெட்டும் விற்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆட்டத்தின் இயல்பையே அது மாற்றிவிடுகிறது. 2024-ம் ஆண்டு இறுதித் தொடர் நல்ல உதாரணம். முதல் ஆட்டத்தில் நியூயார்க் லிபர்ட்டி தன் சொந்த மண்ணில் 18 புள்ளிகள் முன்னணியில் இருந்தது. மினசோட்டா லிங்க்ஸ் விரட்டி வந்து, கூடுதல் நேரத்தில் 95-93 என்று வென்றது. நம் ஊர் முறைப்படி அன்றே கதை முடிந்திருக்கும். மினசோட்டா சாம்பியன், நியூயார்க் அழுதுகொண்டே வீட்டுக்கு.

தொடர் என்பதால் நியூயார்க்குக்கு மறுவாய்ப்பு கிடைத்தது. இரண்டாவது ஆட்டத்தை 80-66 என்று வென்றது. மூன்றாவது ஆட்டம் மினசோட்டாவின் ஊரில். கடைசி நொடிகளில் சப்ரினா அயனெஸ்கு வெகு தூரத்திலிருந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்து கூடையில் விழுந்து 80-77 என்றாக்கியது. நான்காவதை மினசோட்டா 82-80 என்று பறித்தது. அக்டோபர் 20 அன்று புரூக்ளினில் நடந்த ஐந்தாவது ஆட்டமும் கூடுதல் நேரம் வரை போய், நியூயார்க் 67-62 என்று வென்றது. 1997-ல் ஹூஸ்டனில் தோற்ற அதே லிபர்ட்டி அணி. இடையில் 1999, 2000, 2002, 2023 என்று மேலும் நான்கு இறுதிகளில் தோற்று, இருபத்தேழு ஆண்டுகள் கழித்துக் கோப்பையைத் தொட்டது.

ஒரே எதிரியை ஐந்து முறை சந்திக்கும்போது, யார் இடக்கையால் ஏமாற்றுகிறார், களைத்தால் யார் தவறு செய்கிறார் என்பதெல்லாம் இரு தரப்புக்கும் அத்துபடியாகிவிடுகிறது. நேற்றைய வியூகம் இன்று எடுபடாது. இரவோடு இரவாகப் புதிதாக யோசிக்க வேண்டும். இரு நகரங்களிலும் பத்து நாட்களுக்கு வேறு பேச்சில்லை. வீராங்கனைகளின் பெயர்கள் வீட்டுப் பெயர்களாகின்றன. ஒரே ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஐந்து ஆட்டத்தில் அந்தப் பங்கு குறைகிறது.

இனி நம் ஊர்க் கதை. இந்தியாவில் பெண்கள் கூடைப்பந்தின் உச்சம் தேசிய சீனியர் போட்டி. முதலில் பிரிவு வாரியாக லீக், பிறகு நாக்-அவுட், கடைசியில் ஓர் இறுதி ஆட்டம். பத்து நிமிடம் வீதம் நான்கு கட்டங்கள், மொத்தம் நாற்பது நிமிடம். மகுடம் சூட்டியாயிற்று. அந்த மகுடத்தைப் பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் அணிந்து வருவது இந்திய ரயில்வே அணி. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே பெண்கள் தெலங்கானாவை வென்ற கணக்கு 131-82. நாற்பத்தொன்பது புள்ளி வித்தியாசம். இறுதி ஆட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. நாட்டின் நல்ல ஆட்டக்காரர்களில் பெரும் பகுதியினருக்கு ரயில்வேதான் சோறு போடுகிறது. ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியத்தின் வேர் 1928 வரை போகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, சம்பளம், பாஸ், குவார்ட்டர்ஸ், பென்ஷன் என்று ஒரு நடுத்தரக் குடும்பம் தன் மகளுக்காகக் கனவு காணும் அத்தனையும் அதில் அடக்கம். மாநில அணியில் ஒரு பெண் நன்றாக ஆடத் தொடங்கியதும் அவள் கண் வைக்கும் அடுத்த படி அதுதான். வேலை கிடைத்ததும் தேசியப் போட்டியில் அவள் ரயில்வே உடையில் வருகிறாள். அவளை வளர்த்த மாநிலம் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. மாநிலங்கள் வளர்க்க, ரயில்வே அறுவடை செய்கிறது.

கொல்கத்தாவுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ஃபேர்லி பிளேஸில் கிழக்கு ரயில்வேயின் தலைமையகம். கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம். கால்பந்து வெறி பிடித்த இந்த நகரில், 1958-ல் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றையும் ஓரங்கட்டி கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது கிழக்கு ரயில்வே அணி. அதன் நட்சத்திரம் பி.கே. பானர்ஜி. பெரிய கிளப்புகளின் பக்கம் போகாமல் ரயில்வேயிலேயே இருந்தவர். அந்த மூன்று பெரிய கிளப்புகளுக்கு வெளியே அடுத்து ஓர் அணி, பியர்லெஸ், பட்டம் வெல்ல 2019 வரை ஆனது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. அலுவலக அணிக்கு ஆடிய பானர்ஜிக்கு மைதானம் நிறைந்த கூட்டமும், வாராவாரம் ஆட ஒரு லீக்கும் இருந்தன. கூடைப்பந்துப் பெண்களுக்கு அலுவலகம் மட்டும் இருக்கிறது.

‘புரொஃபஷனல்’ என்ற சொல்லைத் தமிழில் ‘தொழில்முறை’ என்று எழுதுகிறோம். இந்தியக் கூடைப்பந்து வீராங்கனைக்கு அந்தச் சொல் விசித்திரமாகப் பொருந்துகிறது. அவருக்குத் தொழில் உண்டு. ஆனால் அந்தத் தொழில் கூடைப்பந்து அல்ல. கூடைப்பந்து அந்தத் தொழிலை வாங்கித் தந்த நுழைவுச்சீட்டு.

இதைக் கேலி செய்வது சுலபம், நியாயமல்ல. அந்த வேலை இல்லாவிட்டால் இன்று ஆட்டமே இருந்திருக்காது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைவியானவர். ஆசியப் போட்டிகளில் தொடர்ந்து ஆடி, மகப்பேறுக்குப் பிறகும் களத்துக்குத் திரும்பியவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். கல்யாணம், குழந்தை என்றதும் பெண்ணின் ஷூவைப் பரணில் தூக்கிப் போடும் சமூகத்தில் இத்தனை ஆண்டுகள் அவர் ஆட முடிந்ததற்குத் தெற்கு ரயில்வே வேலையின் பங்கு சிறிதல்ல. மகள் ஆட்டத்துக்குப் போகிறாள் என்றால் முகம் சுளிக்கும் வீட்டில், மகள் ரயில்வேயில் இருக்கிறாள் என்றால் மரியாதை தனி.

ஆனால் அந்த வேலைக்கு ஒரு கூரை உண்டு. அதன் உயரத்தை அளந்து பார்த்தவர் கேரளத்தின் கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ். ஆறடி இரண்டு அங்குல உயரம், தெற்கு ரயில்வே ஊழியர், இந்திய அணித் தலைவி. ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடியவர். 2011 ஏப்ரலில் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் ஆகிய மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. வேறெந்த இந்தியப் பெண்ணும் அதுவரை அந்த வாசலை எட்டியதில்லை. எந்த அணியிலும் இடம் கிடைக்கவில்லை. 2014-ல் அர்ஜுனா விருது கிடைத்தது.

இதில் அவர் திறமையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றில் ஆடும் பெண் ஒரு பருவத்துக்கு முப்பது ஆட்டங்கள் வரை ஆடுகிறாள். அத்தனையும் தனக்கு நிகரானவர்களுடன். நம் தேசிய சாம்பியனோ, 49 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் இறுதி ஆட்டங்களில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? கடைசி நொடியில் மூன்று புள்ளி எறிந்தே தீர வேண்டிய நெருக்கடி ஆண்டுக்கு எத்தனை முறை வரும்? அது பயிற்சியால் வருவதல்ல, பழக்கத்தால் வருவது.

நெருக்கடி கிடைத்தால் நம் பெண்கள் சோடை போவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதியில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதல் பிரிவுக்கு ஏறியது. இரண்டே புள்ளி. அதற்கடுத்த ஜனவரியில் சென்னையில் நடந்த தேசிய இறுதியில் கேரளப் பெண்கள் ரயில்வேயையே வீழ்த்தினார்கள். கேரளத்தின் பலம் எங்கிருந்து வந்தது? அங்கே மாநில மின்வாரியம் வேலை கொடுத்து ஓர் அணியை வைத்திருக்கிறது. அதனால் வீராங்கனைகள் எல்லோரும் ரயில் ஏறிவிடுவதில்லை. வேலை கொடுக்க இரண்டாவது ஆள் இருந்தால் போட்டிக்கும் இரண்டாவது ஆள் கிடைக்கிறது.

அமெரிக்காவைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே 1978-ல் தொடங்கிய முதல் பெண்கள் தொழில்முறை லீக் மூன்று பருவங்களில் மூடப்பட்டது. 1996-ல் தொடங்கிய ஏ.பி.எல். 1998 டிசம்பரில் பருவத்தின் நடுவிலேயே திவாலானது. டபிள்யூ.என்.பி.ஏ.யின் முதல் நான்கு பட்டங்களையும் வென்ற ஹூஸ்டன் காமெட்ஸ் அணியே 2008-ல் வாங்க ஆளின்றிக் கலைக்கப்பட்டது. ஆண்கள் லீக்கின் பணம் முட்டுக் கொடுக்காவிட்டால் மொத்தமும் சாய்ந்திருக்கும்.

சம்பளமும் அப்படித்தான். 2024-ல் அரங்குகளை நிரப்பிய புதுமுக நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்குக்கு அந்தப் பருவத்தின் லீக் சம்பளம் 76,535 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் ரூ. 64 லட்சம். விளம்பர வருமானம் தனி. நமக்குப் பெரிய தொகை. அமெரிக்காவில் ஆண்கள் ஆட்டக்காரர் முன் கொசுறு. அதனால்தான் பல நட்சத்திரங்கள் ஓய்வு மாதங்களில் ரஷ்யா, துருக்கி, சீனா என்று போய் ஆடினார்கள். பல மடங்கு சம்பளம் தந்த ரஷ்ய கிளப்புக்கு ஆடப் போன பிரிட்னி கிரைனர், 2022 பிப்ரவரியில் கஞ்சா எண்ணெய் வைத்திருந்ததாக மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி டிசம்பரில்தான் வீடு திரும்பினார். நம் வீராங்கனைக்கு ரயில்வே மேஜை போல, அவர்களுக்கு ரஷ்யக் குளிர். இரண்டாவது வேலை இல்லாமல் பெண்கள் விளையாட்டு எங்குமே ஓடியதில்லை. 2021-ல் வீராங்கனைகளைத் தனி விமானத்தில் அனுப்பிய ‘குற்றத்துக்காக’ நியூயார்க் லிபர்ட்டிக்கு லீக் ஐந்து லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மற்ற அணிகளுக்குக் கட்டுப்படியாகாத சலுகையாம். எல்லா அணிகளுக்கும் தனி விமானம் 2024-ல்தான் வந்தது.

ஆனால் லீக் தொடர்ந்து நடந்ததால் ஒரு நாள் அறுவடை வந்தது. 2024 ஜூலையில் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 220 கோடி டாலர் மதிப்பில் ஒளிபரப்பு உரிமை விற்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் நட்சத்திர ஆட்டத்தின்போது, எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்று எழுதிய சட்டையோடு வீராங்கனைகள் களமிறங்கினார்கள். பங்கு கேட்பதற்கு முதலில் பண்டம் இருக்க வேண்டும். இருபத்தேழு ஆண்டுகள் அவர்கள் உருவாக்கியது அதைத்தான்.

இந்தியாவில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2010-ல் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனம் கூடைப்பந்துச் சம்மேளனத்துடன் முப்பது ஆண்டு ஒப்பந்தம் செய்தது. அந்த ஆண்டே நான்கு பையன்களும் நான்கு பெண்களும் ஃபுளோரிடா பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மேற்கு வங்கத்தின் பர்கா சோன்கர் அவர்களில் ஒருவர். 2015-ல் யு.பி.ஏ. என்ற லீக் தொடங்கி, சில பருவங்களில் நின்றது. 2022-ல் சம்மேளனத்தின் ஆதரவுடன் ஐ.என்.பி.எல். ஐவர் ஆட்ட லீக் தொடங்கியது. யு.பி.ஏ.வும் சரி, இதன் முதல் பருவமும் சரி, ஆண்களுக்கே. பெண்களுக்கு ‘அப்புறம் பார்க்கலாம்’.

அந்த ‘அப்புறம்’ கிரிக்கெட்டில் 2023-ல் வந்தது. ஐந்து அணிகளோடு பெண்கள் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஸ்மிருதி மந்தனா ரூ. 3.4 கோடிக்கு ஏலம் போனார். கவனிக்க வேண்டிய விஷயம்: அதற்கு முன்பு பல ஆண்டுகள் பெண்கள் கிரிக்கெட்டைத் தூக்கி நிறுத்தியதும் ரயில்வேதான். மிதாலி ராஜே ரயில்வே ஊழியர். வேலை ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தது. லீக் வந்து அதைப் பார்க்க வைத்தது. ஒன்று மற்றொன்றுக்குப் பகை அல்ல. ஹாக்கியிலும் 2025 ஜனவரியில் நான்கு அணிகளோடு பெண்கள் லீக் வந்துவிட்டது.

கூடைப்பந்துக்குக் கோடிகள் வேண்டாம். இருப்பதைக் கொண்டே தொடங்கலாம். தெற்கு ரயில்வே, கிழக்கு ரயில்வே, தென் மத்திய ரயில்வே, கேரள மின்வாரியம் என்று சம்பளம் வாங்கும் அணிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கோயம்புத்தூரில் சி.ஆர்.ஐ. கோப்பைக்காக இத்தகைய அணிகள் கூடி மோதுவதும் வழக்கம். அவற்றையே சென்னை, கொல்கத்தா, செகந்திராபாத், திருவனந்தபுரம் என்று ஊர் ஊராக எதிரும் புதிருமாக ஆட வைத்தால் என்ன? பயணச் செலவுக்கு ரயில்வேயிடம் கையேந்தவும் வேண்டாம். பாஸ் அவர்களிடமே இருக்கிறது. முடிவில் ஏழு ஆட்டம் வேண்டாம், 1998-ல் அமெரிக்கா தொடங்கியது போல மூன்று ஆட்டத் தொடர் போதும். முதல் ஆட்டம் ஓர் ஊரில், அடுத்தது மற்ற ஊரில். தோற்றவள் மறுநாள் அலுவலகம் போகாமல், மறுநாள் திருப்பி அடிக்கட்டும்.

இதில் லாபம் வருமா? முதல் ஆண்டுகளில் வராது. ஹூஸ்டன் காமெட்ஸுக்கே வரவில்லை. ஆனால் ஈடன் கார்டன்ஸில் 1997-ல் நடந்த இறுதி ஆட்டத்தின் வரவு செலவை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அன்று எல்லைக் கோட்டருகே பந்து பொறுக்கிய பெண்ணைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. சக்தகாவிலிருந்து சியால்தாவுக்குப் புறநகர் ரயில் இன்றும் ஓடுகிறது. அதில் கூடைப்பந்தோடு ஏறும் ஒரு பெண், இறங்கிப் போய்ப் பார்க்க ஓர் இறுதித் தொடர் வேண்டும்.